ரெண்டு கம்பம் ஒண்ணாகணும்!

உங்க வீட்டுப் பரண்லயோ பீரோ மேல் தட்டுலயோ பழைய கேமரா ஏதாவது கிடக்குதா? இருந்தா, இந்தப் பக்கத்தை மடிச்சு வெச்சுட்டுப் போய் எடுத்துட்டு வாங்க. வெயிட் பண்றேன்.

வந்தாச்சா? ஓகே, முன்பக்கம் பாருங்க. பார்க்கிறதுக்கு ஒரே ஒரு ஜன்னல்தான் இருக்குன்னா அது சாதாரண டைப். நம்ம நாட்டுல சக்கைப்போடு போட்ட ஆக்ஃபா கிளிக் 3 அந்த ரகம். மண்டையில கூடாரம் மாதிரி புடைச்சுக்கிட்டு இருந்தா எஸ்.எல்.ஆர். பெரிய ஜன்னல் ஒண்ணு, கொஞ்சம் தள்ளி தம்மாத்தூண்டு ஜன்னல் இன்னொண்ணு, பின்னாடி கண்ணை வெச்சா நடுவுல மஞ்சளா ஒரு சின்னக் கட்டம்... இப்படி இருந்தா கையைக் கொடுங்க பாஸ்! உங்ககிட்ட இருக்கிறது ரேஞ்ச்ஃபைண்டர்.

எங்க வீட்டுல இருக்கிறதும் அந்த ஜாதிதான். யாஷிகா எலெக்ட்ரோ 35 ஜி.எஸ்.என். எலெக்ட்ரோ 35 வரிசை ஜப்பான்ல அறுபதுகளின் நடுவுல ஆரம்பிச்சது. இந்த ஜி.எஸ்.என். மாடல் 1973-ல வந்துச்சு. முக்கால் கிலோ வெயிட். கழுத்துல மாட்டினா உங்களைக் கொஞ்சம் குனிய வெச்சுடும்.

எங்க ஊர் கோட்டுச்சேரிமேடு, காரைக்காலுக்கு வடக்கே கடலோரக் கிராமம். தாத்தா கடலுக்குப் போனவர். எழுபதுகளின் கடைசியில, நல்ல பாடு கிடைச்ச ஒரு வருஷம், சிங்கப்பூர்லேர்ந்து வந்த நாகூர் சபுராளி ஒருத்தர்கிட்ட இதை வாங்கியிருக்கார். அன்னையிலேர்ந்து தெருவுல கல்யாணம், காது குத்து, புதுப் படகு இறக்குறதுன்னு எல்லாத்துக்கும் அவர்தான் போட்டோகிராபர்.

2004 டிசம்பர் 26 காலையில அலை வந்துச்சு. வீட்டோட சேர்த்து ஆல்பம், நெகட்டிவ் போட்டு வெச்சிருந்த பிஸ்கட் டின் எல்லாம் போச்சு. கேமரா மட்டும் தப்பிச்சது. எப்படின்னா, அந்த வாரம் கோட்டுச்சேரியில ஒரு சொந்தக்காரர் காது குத்துக்கு அதை இரவல் வாங்கிட்டுப் போயிருந்தார். நான் பிறந்தது அடுத்த வருஷம். அதனால எங்க அப்பாவைச் சின்னப் பையனா ஒரு படத்துல கூட நான் பார்த்தது கிடையாது. தாத்தா அதுக்கப்புறம் கேமராவுல ஃபிலிம் போடவே இல்லை. எதுக்குன்னு கேட்டா, "எடுத்ததே இல்ல, இனிமே எடுத்து?" அவ்வளவுதான் பதில்.

போன லீவுல ஊருக்குப் போனப்போ, புதுச்சேரியில காபி ஷாப் திறக்கப்போற ஒருத்தர், தெரிஞ்சவங்க மூலமா போன் பண்ணினார். ஷெல்ஃப்ல ஷோவுக்கு வைக்க பழைய கேமரா வேணுமாம். ஆயிரத்து ஐந்நூறு தர்றாராம். "குடுத்துடு. பழைய இரும்புக்குப் போறதுக்கு இது மேலு"ன்னுட்டார் தாத்தா. எனக்கு மனசு கேக்கலை. "ஒரே ஒரு ரோல் ஓட்டிப் பார்த்துட்டுக் குடுத்துடலாம் தாத்தா"ன்னு டைம் வாங்கினேன். டிஜிட்டல் காலத்துப் பையன், யூடியூப் இருக்கு, ஒரு டப்பா கேமரா என்ன பெரிய விஷயம்னு ஒரு கெத்து!

கட்டைவிரலை நீட்டுங்க

அந்தக் கெத்து எப்படி அவுட் ஆச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி, உள்ளே என்ன நடக்குதுன்னு பார்த்துடலாம். ஒரு கையை நீட்டி, கட்டைவிரலை நிமிர்த்தி வெச்சுக்கோங்க. இடது கண்ணை மூடி வலது கண்ணால பாருங்க. இப்போ மாத்திப் பாருங்க. விரல் பக்கவாட்டுல குதிக்குதா? விரலை மூக்குகிட்ட கொண்டு வந்து அதையே செய்யுங்க. இன்னும் அதிகமா குதிக்கும். கிட்ட இருக்கிறது அதிகமா நகரும், தூரத்துல இருக்கிறது கம்மியா நகரும். நகர்ற அளவைக் கணக்குப் பண்ணினா தூரம் தெரிஞ்சுடும். பத்தாம் கிளாஸ் முக்கோணவியல்தான், வேற ஒண்ணும் இல்லை.

ரேஞ்ச்ஃபைண்டரோட ரெண்டு ஜன்னலும் ரெண்டு கண்ணு மாதிரி. பெரிய ஜன்னல் வழியா காட்சி நேரா உங்க கண்ணுக்கு வருது. சின்ன ஜன்னல் வழியா வர்ற காட்சி, உள்ளே திரும்பி, பாதி ரசம் பூசின ஒரு கண்ணாடி மேல விழுது. பாதி ரசம்னா, பாதி வெளிச்சத்தைத் தாண்ட விடும், பாதியைத் திருப்பி அனுப்பும். அதனால ரெண்டு காட்சியும் ஒண்ணு மேல ஒண்ணா தெரியும். அந்த மஞ்சள் கட்டம் இருக்கே, அதுதான் ரெண்டாவது கண்ணு. லென்ஸ் வளையத்தைத் திருகினா உள்ளே ஒரு நெம்புகோல் அந்த ரெண்டாவது காட்சியை நூலிழை நூலிழையா நகர்த்தும். மூஞ்சி ரெண்டா தெரிஞ்சா ஃபோகஸ் இல்லை. ரெண்டும் ஒட்டி ஒண்ணாயிடுச்சா, க்ளிக்!

நூலிழைன்னு சும்மா சொல்லலை. ரெண்டு ஜன்னலுக்கு நடுவுல 5 செ.மீ. இடைவெளின்னு வெச்சுக்கோங்க. 1 மீட்டர்ல நிக்கிற ஆளுக்கு ரெண்டு பார்வைக்கும் நடுவுல கோணம் 2.86 டிகிரி. 10 மீட்டருக்குப் போனா 0.29 டிகிரி. 100 மீட்டர்ல வெறும் 0.03. அதாவது கிட்ட இருக்கிறதை இது பிரமாதமா அளக்கும், தூரத்துக்குப் போகப் போகத் தடுமாறும். இந்த வகை கேமராக்கள்ல 135 மி.மீ.க்கு மேல பெரிய லென்ஸ் அவ்வளவா மாட்டாததுக்கு இதுதான் காரணம். 1959-ல நிக்கான் எஃப் மாதிரி எஸ்.எல்.ஆர்.கள் வந்து மார்க்கெட்டைப் பிடிச்சதுல இதுக்கும் பங்கு உண்டு. அதுல லென்ஸ் வழியாவே பார்க்கலாம், எவ்வளவு நீள லென்ஸ் வேணாலும் மாட்டலாம்.

தூரத்தை அளக்கணும்னா ஜன்னல்களைத் தள்ளித் தள்ளி வைக்கணும். 1914-ல சென்னை மேல குண்டு போட்டுட்டுப் போன எம்டன் காலத்துப் போர்க்கப்பல்கள்ல, எதிரிக் கப்பலோட தூரத்தை அளக்க இதே தத்துவத்துல மீட்டர் கணக்குல நீளமான குழாய்கள் இருக்கும். அதைச் சுருக்கிக் கையடக்கமாக்கினதுதான் நம்ம ஆளு. 1916-லயே கோடாக் ஒரு மடக்குக் கேமராவுல வெச்சுடுச்சு. ஆனா 1932-ல லைக்கா 2, கான்டாக்ஸ் ரெண்டும் வந்தப்புறம்தான் 35 மி.மீ. கேமராவுல இது ஹிட் ஆச்சு.

காரைக்கால்காரனா ஒரு விஷயத்தைச் சொல்லாம விட முடியாது. எங்க ஊர் பிரெஞ்சுக்காரங்க கையில இருந்தப்போ, பிரான்ஸ்ல ராணுவத்துக்குத் தூரம் அளக்கிற கருவிகள் செஞ்சுக்கிட்டிருந்த ஓ.பி.எல்.ங்கிற கம்பெனி, போர் முடிஞ்சதும் அதே தொழிலறிவை வெச்சு 1946-ல ஒரு கேமரா இறக்குச்சு. பேரு ஃபோக்கா. பிரான்ஸோட சொந்த ரேஞ்ச்ஃபைண்டர்! அப்புறம் 1950 ஏப்ரல்ல, அப்போ இன்னும் பிரெஞ்சு ஊரா இருந்த புதுச்சேரிக்கு ஹென்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸான் வந்தார். ஸ்ரீஅரவிந்தரை அவர் படம் எடுத்தது அப்போதான். அதே டிசம்பர்ல அரவிந்தர் காலமாயிட்டார். அந்தப் பயணத்துலயே திருவண்ணாமலையில ரமணரோட கடைசி நாட்களையும் எடுத்திருக்கார். பிரெஞ்சுக்காரர்தான், ஆனா அவர் கையில இருந்தது ஃபோக்கா இல்லை, ஜெர்மன்காரன் லைக்கா! ஏன் அதுன்னா, சின்னது, சத்தம் கம்மி. எஸ்.எல்.ஆர். மாதிரி உள்ளே கண்ணாடி எழும்பி 'டப்'புனு அடிக்காது. அமைதியா இருக்கிற இடத்துல யாரையும் திரும்பிப் பார்க்க வைக்காம எடுத்துட்டு வந்துடலாம்.

லேப்ல பார்த்த ஆளு

சரி, நம்ம யாஷிகாவுக்கு வருவோம். பேட்டரி அறையைத் திறந்தேன். உள்ளே பச்சையும் வெள்ளையுமா பூத்துப் போய்க் கிடந்துச்சு. பேட்டரி கசிஞ்சிருக்கு. கசிஞ்சது காரம், அதனால அமிலத்தால துடைக்கணும். ஆயாகிட்ட எலுமிச்சம்பழம் வாங்கி, காது குடையுற பஞ்சுக் குச்சியில தொட்டுத் தொட்டுத் துடைச்சா, பித்தளை பளிச்னு வந்துச்சு. (கெமிஸ்ட்ரி படிச்சது முதல் தடவையா வீட்டுக்கு உபயோகப்பட்டது!)

அடுத்த சிக்கல், இதுக்கு வேண்டியது 5.6 வோல்ட் மெர்க்குரி பேட்டரி. இன்னைக்கு அது தயாரிப்புலயே இல்லை. பாதரசம் விஷம்னு உலகம் முழுக்க நிறுத்திட்டாங்க. அதுக்கான உலக ஒப்பந்தம் 2013-ல போட்டது, பேரு மினமாட்டா. ஜப்பான்ல ஒரு கடலோர ஊர் அது. ரசாயன ஆலை ஒண்ணு கடல்ல விட்ட கழிவுல பாதரசம் கலந்து, அது மீனுக்குப் போய், மீன் மூலமா மீனவர் குடும்பங்களுக்குப் போய், கை கால் இழுத்து, ஆயிரக்கணக்கான பேரோட வாழ்க்கையைச் சிதைச்சது. நோய்னு வெளியே தெரிஞ்சது 1956-ல. மீன் சாப்பிட்டே வளர்ந்த வீட்டுல உட்கார்ந்து அதைப் படிச்சப்போ, 'பேட்டரி கிடைக்கலையே'ன்னு புலம்பினதை நிறுத்திட்டேன்.

வழி இருக்குங்க. கால்குலேட்டர், பொம்மைகள்ல போடுற எல்ஆர்44 பட்டன் செல் நாலு வாங்குங்க. ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினா 6 வோல்ட். காகிதத்தைச் சுத்திக் குழாய் பண்ணி உள்ளே போட்டு, மிச்ச இடத்துக்குப் பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங். மூடியைத் திருகி, செக் பட்டனை அழுத்தினேன். ஃபிலிம் நம்பர் காட்டுற குட்டி ஜன்னல்ல பச்சை விளக்கு! ஒரு பேனா ஸ்பிரிங் பலிகொடுத்ததுக்கு இவ்வளவு பெரிய பரிசா?

எலெக்ட்ரோங்கிற பேரு சும்மா பந்தாவுக்கு வெச்சதில்லை. நீங்க துவாரத்தை மட்டும் செட் பண்ணினா போதும், அதாவது எஃப் 1.7-லேர்ந்து எஃப் 16 வரைக்கும். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கணும்னு அதுவே முடிவு பண்ணும், 30 செகண்டுலேர்ந்து 1/500 வரைக்கும். எப்படி? முதல் வருஷ லேப்ல எல்.டி.ஆர். பார்த்திருப்பீங்களே, வெளிச்சம் பட்டா மின்தடை குறையுற ஐட்டம். அதோட அண்ணன் ஒருத்தன் காட்மியம் சல்ஃபைடுல செஞ்சு, லென்ஸுக்கு மேலே முன்பக்கம் உட்கார்ந்திருக்கான். பக்கத்துல ஒரு கெபாசிட்டர். ஷட்டர் திறந்ததும் கெபாசிட்டர் சார்ஜ் ஆக ஆரம்பிக்கும். வெயில் அடிச்சா தடை கம்மி, சட்டுனு நிறையும். இருட்டா இருந்தா தடை ஜாஸ்தி, மெதுவா நிறையும். ஒரு அளவைத் தொட்டதும், ஷட்டரைப் பிடிச்சு வெச்சிருக்கிற மின்காந்தம் விட்டுடும், மூடிக்கும். நாம பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணின ஆர்.சி. டைம் கான்ஸ்டன்ட், தாத்தா கழுத்துல தொங்கிக்கிட்டு கல்யாணம் கல்யாணமா சுத்தியிருக்கு! இன்டர்னல்ல இதே கேள்விக்கு நான் வாங்கின மார்க்கை இங்க எழுதலை.

மேல ரெண்டு விளக்கு உண்டு. சிவப்பு எரிஞ்சா வெளிச்சம் ஜாஸ்தி, துவாரத்தைச் சுருக்கு. மஞ்சள் எரிஞ்சா ஷட்டர் 1/30-ஐவிட மெதுவா ஓடப்போகுது, கை ஆடாம பார்த்துக்கோ. பேட்டரியே இல்லேன்னாலும் கேமரா சாகாது, 1/500-ல மட்டும் ஓடும். 100 ஏ.எஸ்.ஏ. ஃபிலிமைப் போட்டு, உச்சி வெயில்ல எஃப் 8-ல வெச்சா படம் சரியா விழும். பேட்டரி தீர்ந்த மாசங்கள்ல தாத்தா அப்படித்தான் ஓட்டியிருக்கார். "மத்தியானம் பன்னெண்டு மணிக்குப் பொண்ணு மாப்பிள்ளையை மணல்ல நிக்க வெச்சா, அவங்க மூஞ்சி எப்படி இருக்கும்?"னு ஆயா இன்னைக்கும் கிண்டல் பண்றாங்க.

அவமானப் படலம்

இப்போ மேட்டருக்கு வர்றேன். ஒரு கலர் ரோல் இன்னைக்கு ஐந்நூறு ரூபாயைச் சுலபமா தாண்டும். வாங்கிப் போட்டு, முப்பத்தாறு படமும் எடுத்து, சென்னையில கழுவித் தர்ற ஒரு இடத்துக்கு கூரியர் பண்ணி, ரெண்டு வாரம் காத்திருந்தேன். ஸ்கேன் வந்துச்சு.

முதல் ஆறு படம், படமே இல்லை. வெறும் ஆரஞ்சுப் பட்டை. காரணம்? லென்ஸ் மூடியைக் கழட்டவே இல்லை! சிரிக்காதீங்க. எஸ்.எல்.ஆர்.ல மூடி இருந்தா இருட்டா தெரியும், உடனே தெரிஞ்சுடும். ரேஞ்ச்ஃபைண்டர்ல நாம பார்க்கிறது லென்ஸ் வழியா இல்லை, தனி ஜன்னல் வழியா. மூடி போட்டிருந்தாலும் உலகம் ஜெகஜோதியா தெரியும். வெளிச்சம் அளக்கிற கண்ணும் மேல தனியா இருக்கிறதால, அதுவும் வாயைத் திறக்காது. எல்லாரும் சேர்ந்து நம்மளை ஏமாத்திடுவாங்க.

அடுத்தது இன்னும் மோசம். ஆயா வாசல்ல உட்கார்ந்து மீன் ஆயுற படம். சாயந்திர வெளிச்சம்னு எஃப் 1.7-ல எடுத்தது. மஞ்சள் கட்டத்துல அவங்க மூஞ்சியை ஒண்ணாக்கிட்டுத்தான் அழுத்தினேன், சத்தியமா. தாத்தா என் போனை வாங்கி, புரை விழாத இடது கண்ணுகிட்ட கொண்டு போய்ப் பார்த்தார்.

"பின்னால தொங்குற வலை கண்ணு கண்ணா தெரியுது. உங்க ஆயா எங்கடா?"

வெயில்ல துவாரத்தைச் சுருக்கி எடுத்ததெல்லாம் ஓரளவு பரவாயில்லை. துவாரம் சின்னதானா முன்னே பின்னே இருக்கிறதும் தெளிவா விழும், தப்பு மறைஞ்சுடும். பெருசா திறந்ததெல்லாம் அவுட். காபி ஷாப்காரருக்கே கொடுத்துடலாம்னு நான் முடிவு பண்ணின நேரத்துல, தாத்தா கேமராவைக் கையில எடுத்தார். இருபது வருஷத்துக்கு அப்புறம். "மாடிக்கு வா."

மொட்டை மாடியிலேர்ந்து கடல் தெரியும். லென்ஸ் வளையத்தைக் கடைசி வரைக்கும், முடிவிலிக்குத் திருப்பச் சொன்னார். "இப்போ தூரத்துல இருக்கிறது எல்லாம் ஒண்ணா தெரியணும். பாரு." நான் கடலும் வானமும் சேர்ற கோட்டைப் பார்த்தேன். "ஒண்ணாத்தான் தாத்தா இருக்கு."

"படுத்திருக்கிற கோட்டைப் பார்த்தா ஒண்ணாத்தான்டா தெரியும். நிக்கிறதைப் பாரு."

தூரத்துல ஒரு ஃபைபர் படகு, அதுல கொடி கட்டின கம்பம். கட்டத்தைக் கொண்டு போய் அதுல வெச்சேன். ரெண்டு கம்பம்!

எனக்கு ஷாக். யோசிச்சுப் பாருங்க, ரெண்டு ஜன்னலும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு, அதனால காட்சி பக்கவாட்டுலதான் விலகும். படுத்த கோட்டைப் பக்கவாட்டுல நகர்த்தினா அது தன் மேலயே விழும், வித்தியாசமே தெரியாது. நிமிர்ந்து நிக்கிற பொருள்தான் விலகலைக் காட்டிக் கொடுக்கும். மேலும் கீழுமா விலகியிருக்கான்னு பார்க்கத்தான் கடல் கோடு உதவும். நாலு செமஸ்டர் முடிச்சவனுக்கு இது தோணலை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டேன். ஜி.பி.எஸ். வர்றதுக்கு முன்னாடி கடல்ல இடம் கண்டுபிடிச்சது எப்படின்னு சொன்னார். கரையில ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா இருக்கிற ரெண்டு அடையாளத்தைப் பிடிச்சுக்கணும். முன்னால ஒரு பனை, பின்னால ஒரு கோபுரம்னு வெச்சுக்கோங்க. ரெண்டும் ஒட்டி ஒண்ணா தெரியுற வரைக்கும் படகை நகர்த்தணும். அதே மாதிரி வேற பக்கம் இன்னொரு ஜோடி. ரெண்டு ஜோடியும் சேர்ற இடத்துல வலையை விட்டா, போன தடவை மீன் கிடைச்ச அதே இடம். "சபுராளி கடையில வெச்சு இதைக் காட்டினப்போ, ரெண்டு உருவம் ஒண்ணா சேரணும்னார். அட, இது நம்ம வேலைதானேன்னுதான் வாங்கினேன்."

கேமராவுல ஒரே பொருளை ரெண்டு இடத்துலேர்ந்து பார்க்கிறோம், கடல்ல ரெண்டு பொருளை ஒரே இடத்துலேர்ந்து பார்க்கிறாங்க. முக்கோணம் அதேதான்.

ரிப்பேரை எங்க ஊர் பக்கம் ஒரு வாட்ச் மெக்கானிக் பண்ணினார். மேல்மூடியைக் கழட்டினா உள்ளே குட்டித் திருகு இருக்கு. மூடியைத் திறந்தபடியே அவரையும் மாடிக்குக் கூட்டிட்டு வந்து, கடல்ல ஏதாவது படகு வர்ற வரைக்கும் டீ கொடுத்து உட்கார வெச்சோம். படகு வந்துச்சு. அவர் திருகை முடியளவு திருப்ப, தாத்தா இடது கண்ணால பார்க்க, "இன்னும்... இன்னும்... போதும்!"

ரெண்டாவது ரோலைத் தாத்தாவே மாட்டினார். லீவரை இழுத்தப்போ உள்ளே 'டொக்'குனு ஒரு சத்தம். "இந்தச் சத்தம் கேக்குற வரைக்கும் இது நல்லாருக்கு"ன்னார். நான் அப்புறம் தேடிப் பார்த்தேன், சரிதான். உள்ளே ஒரு சின்ன ரப்பர் துண்டு இருக்கு. அது மக்கிப் போனா சத்தம் நின்னுடும், ஷட்டர் கணக்கும் தப்பிடும். இந்த மாடலை வாங்கப்போறவங்க முதல்ல காதைத்தான் கொடுக்கணும். அப்புறம் பேட்டரி அறை, அப்புறம் நிக்கிற கம்பம்.

ஆயா அதே வாசல்ல மீன் ஆயுறாங்க. தாத்தா கண்ணுல வைக்கிறதுக்கு முன்னாடியே "ஏழு அடி"ன்னார். மஞ்சள் கட்டத்துல ஒண்ணாக்கிட்டு வளையத்தைக் காட்டினார். ஏழு அடி! "மூடி?"ன்னு என்னைப் பார்த்தார். மூடி என் பாக்கெட்டுல பத்திரமா இருந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி காபி ஷாப்காரர் மறுபடி போன் பண்ணினார். ரெண்டாயிரமா ஏத்திட்டார். தாத்தாகிட்ட என்ன சொல்லட்டும்னு கேட்டேன். ஃபிலிம் நம்பர் காட்டுற ஜன்னலை உத்துப் பார்த்தார்.

"இன்னும் முப்பத்தொண்ணு இருக்கு. முடியட்டும்னு சொல்லு."